முளையமும் மனிதனும்: குருத்துக்கல விவாதம் பற்றிய சில சிந்தனைகள்

1998ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தொம்சன் என்னும் ஆய்வாளர், மனித முளையத்திலிருந்து பிரித்தெடுத்த கலங்களை ஆய்வுகூடத் தட்டிலே தொடர்ந்து பெருகும்படி வளர்க்க முடிந்தது என அறிவித்தார். குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கென உடலுக்கு வெளியே உருவாக்கப்பட்டு, பின்னர் தேவைப்படாது போன முளையங்களே அவருக்குப் பயன்பட்டன. கருக்கட்டி ஐந்தாறு நாட்களேயான, வெறுங்கண்ணுக்குச் சிறு புள்ளியாகவே தோன்றக்கூடிய கோளம் அது. அதன் உட்புறத்திலுள்ள கலத்திரளை எடுத்தால் முளையம் அழியும். எடுத்த கலங்களோ அழியாது பெருகும். நரம்பாகவும் தசையாகவும் குருதியாகவும், உடலின் எவ்விழையமாகவும் மாறும் இயல்பு அவற்றுக்கு உண்டு. இவையே முளையக் குருத்துக்கலங்கள். செய்தித்தாள்கள் ‘ஸ்டெம் செல்’ விவாதம் என எழுதியபொழுது பெரும்பாலும் கருதியவை இவற்றையே.

அறிவிப்பு வெளிவந்த நாள் முதலாக எழுந்த வாதத்தில் ஒரு சாரார் இதனைக் கொலை என்றனர். மறுசாரார் மருந்து என்றனர். பார்க்கின்சன் நோயாலும் நீரிழிவாலும் முள்ளந்தண்டுச் சேதத்தாலும் வருந்துவோருக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது என ஒருபுறமும், அந்நம்பிக்கையின் விலை மனித உயிர் என மறுபுறமும் பேசப்பட்டது. அரசியல்வாதிகள், ஆயர்கள், நோயாளர் சங்கங்கள், நடிகர்கள் எனப் பலரும் இதிற் கலந்துகொண்டனர். இவ்வாதத்தின் இரைச்சலைக் காட்டிலும் வியப்புக்குரியது, இருசாராரும் தமக்குச் சாட்சியாக ஒரே அறிவியலை அழைத்தமையாகும். கருக்கட்டற் கணத்திலேயே புதியதொரு பரம்பரையமைப்புத் தோன்றிவிடுகின்றது என உயிரியல் கூறுகின்றது. ஆதலால் அது மனிதனே என்றனர் ஒரு சாரார். அங்கே மூளையுமில்லை, நரம்புமில்லை, வடிவுமில்லை என உயிரியல் காட்டுகின்றது. ஆதலால் அது வெறுங் கலத்திரளே என்றனர் மறுசாரார். சாட்சியைக் கூண்டில் ஏற்றிய எவரும், அச்சாட்சி முன்னர் எவ்வெவ் வேளைகளில் என்னென்ன கூறிற்று என்பதைப் புரட்டிப் பார்த்ததாகத் தோன்றவில்லை. பார்த்திருப்பின், இக்கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பை அதன் தலையிற் சுமத்தத் தயங்கியிருப்பர்.

முளையத்தைப் பற்றிய முறையான அவதானம் அரிஸ்டோட்டிலிடம் தொடங்குகின்றது. கோழி அடைகாக்கும் முட்டைகளை நாளுக்கொன்றாக உடைத்துப் பார்க்கும் முறையை அவர் எடுத்துரைத்தார். மூன்றாம் நாளளவில் வெண்கருவின் நடுவே குருதிப் புள்ளியொன்றாக இதயம் துடிப்பதையும், பின்னர் ஒவ்வோர் உறுப்பாக உருப்பெறுவதையும் அவர் விவரித்துள்ளார். உயிரி முழுமையாகத் தொடங்குவதில்லை, படிப்படியாகவே உருவாகின்றது என்பது அவர் முடிபு. ஆன்மாவும் அவ்வாறே: முதலில் தாவரத்துக்குரிய வளர்ச்சியாற்றல், பின்னர் விலங்குக்குரிய உணர்ச்சியாற்றல், ஈற்றில் மனிதனுக்கேயுரிய அறிவாற்றல் என அது படிமுறையில் அமையும். ஆண் சிசுவுக்கு நாற்பது நாள், பெண் சிசுவுக்குத் தொண்ணூறு நாள் என அவர் கணக்கும் கூறினார். (பெண்ணுக்கு ஏன் இத்தனை தாமதம் என்பதை அக்காலக் கிரேக்க ஆண்களிடமே கேட்டறிதல் வேண்டும்.) பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனஸ் இக்கருத்தைத் தழுவிக்கொண்டமையால் கத்தோலிக்க உலகிலும் இது நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. கருச்சிதைவைத் திருச்சபை எக்காலத்தும் பாவமெனவே கொண்டது. ஆயினும் ஆன்மா பெற்ற கரு, பெறாத கரு என்ற வேறுபாடு அதன் தண்டனைச் சட்டத்திலிருந்து முற்றாக நீங்கியது ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில், 1869 இலேயே. இன்று என்றுமுள்ள போதனை போலக் காட்சிதரும் நிலைப்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை இது உணர்த்துகின்றது.

பதினேழாம் நூற்றாண்டில் நுணுக்குக்காட்டி வந்தது. புதிய கருவி பழைய மயக்கங்களைப் போக்கும் என எதிர்பார்ப்பதே இயல்பு. இங்கோ அது புதியதொரு மயக்கத்துக்கு இடங்கொடுத்தது. 1677 இல் லீவன்ஹூக் விந்தில் நீந்தும் நுண்ணுயிர்களைக் கண்டார். 1694 இல் ஹார்ட்சூக்கர், விந்தணுவின் தலையுள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் குட்டி மனிதன் ஒருவனை வரைந்தார். தாம் கண்டதாக அன்று, அங்கே காணப்படக்கூடும் என்பதாகவே அவர் அதனை வரைந்தார் என்பது பலராலும் மறக்கப்பட்டுவிட்டது. வேறு சிலர் அக்குட்டி மனிதனை முட்டைக்குள் வைத்தனர். எங்கு வைப்பினும் கொள்கை ஒன்றே: உருவம் முன்னரே உள்ளது, வளர்ச்சி என்பது பெருத்தலன்றி வேறன்று. இதனை முன்னுருவக் கொள்கை என்பர். முட்டைக்குள் முட்டை, அதற்குள் முட்டை எனப் படைப்பின் முதல்நாளிலேயே மனிதகுலம் முழுவதும் ஏவாளின் சூலகத்தில் அடங்கியிருந்தது எனக் கூறவும் இக்கொள்கையினர் தயங்கவில்லை.

இன்று நகைப்புக்கிடமாகத் தோன்றும் இக்கொள்கைக்கு அன்று வலிமை எங்கிருந்து வந்தது? அது ‘தொடக்கம்’ என்ற தொல்லையையே ஒழித்துவிடுகின்றது. எவனும் புதிதாகத் தொடங்குவதில்லையாயின், எப்பொழுது தொடங்கினான் எனக் கேட்கவேண்டியதில்லை. குருத்துக்கல விவாதத்திலே, கருக்கட்டற் கணத்தில் அமையும் பரம்பரையலகுத் தொகுதியே முழுமனிதன் என வாதித்தவர்கள் தம்மை அறியாமலே ஹார்ட்சூக்கரின் சித்திரத்தை மீள வரைந்தனர் எனலாம். குந்தியிருந்த குட்டி மனிதன் போய், எழுத்துக் கோவையாகச் சுருண்டு கிடக்கும் மனிதன் வந்தான், வேறுபாடு அவ்வளவே.

முன்னுருவக் கொள்கை செழித்திருந்த நாட்களிலேயே அதற்கு இடி விழுந்தது. ஒல்லாந்திலே சிறுவருக்கு ஆசிரியராயிருந்த ஏபிரகாம் திரெம்பிளே, 1740 அளவில், குளத்துநீரில் வாழும் ஹைட்ரா என்னும் சிற்றுயிரை இரண்டாக வெட்டினார். இரு துண்டுகளும் இரு முழு ஹைட்ராக்களாயின. பல துண்டுகளாக வெட்டியபொழுதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஐரோப்பிய அறிஞர் உலகம் கலங்கியது. ஆன்மா பகுக்கப்படாத ஒருபொருள் என்பது மெய்யியலாரின் துணிபு. கத்தியால் ஓர் உயிரை இரண்டாக்க முடியுமாயின், அவ்வுயிரின் ஆன்மா எத்துண்டிற் சென்றது? இக்கேள்வி ஹைட்ராவோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர் காண்போம். 1759 இல் காஸ்பர் வூல்ப் கோழி முளையத்தில் உறுப்புகள் உருவற்ற பொருளிலிருந்து புதிதாகத் தோன்றுவதைக் காட்டினார். 1827 இல் போன் பேயர் பாலூட்டியின் சூல்முட்டையை முதன்முதலிற் கண்டார். கலக் கொள்கை வந்தபின்னர், முட்டையும் ஒரு கலம், அது பிரிந்து பிரிந்தே உடல் ஆகின்றது என்பது தெளிவாயிற்று. ‘குருத்துக்கலம்’ என்பதற்கு மூலமான ஜேர்மன் சொல்லை 1868 இல் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் வழங்கியபொழுது, பலகல உயிரினங்கள் யாவற்றுக்கும் மூதாதையான ஒற்றைக் கலத்தையே அவர் கருதினார். குலவழி மரத்தின் அடிமரம் என்பதே அச்சொல்லின் பின்னுள்ள படிமம். மருத்துவமனையோடு அதற்கு அன்று எத்தொடர்பும் இருக்கவில்லை.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்பொழுது, வரவிருக்கும் உடலின் இடப்பாதி ஒன்றிலும் வலப்பாதி மற்றதிலுமாகப் பங்கிடப்படுகின்றனவா? 1888 இல் வில்ஹெல்ம் றூ இதனைச் சோதித்தார். இருகல நிலையிலிருந்த தவளை முளையத்தின் ஒரு கலத்தைக் காய்ச்சிய ஊசியாற் குத்திக் கொன்றார். எஞ்சிய கலம் பாதி முளையமாகவே வளர்ந்தது. ஒவ்வொரு கலத்துக்கும் அதன் பங்கு முன்னரே விதிக்கப்பட்டுள்ளது என றூ முடிபு செய்தார். மூன்று ஆண்டுகளின் பின்னர், 1891 இல், ஹான்ஸ் ட்றீஷ் என்னும் இளம் ஆய்வாளர் அதே கேள்வியைக் கடல் அர்ச்சினிடம் கேட்டார். அதன் இருகல முளையங்களைக் கடல்நீரோடு சோதனைக் குழாயில் இட்டு, கலங்கள் பிரியும்வரை பலமாகக் குலுக்கி, இரவு முழுவதும் விட்டுவைத்தார். மறுநாட் காலையில் பாதிக் குடம்பிகளைக் காணலாம் என்பது அவர் எதிர்பார்ப்பு. கண்டதோ முழுக் குடம்பிகள். அளவிற் சிறியன, அமைப்பிற் குறைவற்றன. றூவின் பரிசோதனையிற் செத்த பாதி உயிருள்ள பாதியோடு ஒட்டிக் கிடந்தமையே அங்கே பாதி முளையம் தோன்றியமைக்குக் காரணம் என்பது பின்னர் புலனாயிற்று.

ட்றீஷின் பெறுபேறு உயிரியற் பாடநூல்களில் இன்று ஒரு பந்தியளவே இடம்பெறுகின்றது. மெய்யியல் மாணவருக்கோ அது ஒரு நூலளவு பெறுமதியுடையது. அக்கலம் தனித்திருந்தால் முழுமை, சேர்ந்திருந்தால் பகுதி. அது என்ன என்பது அதன் உள்ளே மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது எவற்றோடு நிற்கின்றது என்பதையும் பொறுத்தது. தம் பரிசோதனையே ட்றீஷைத் திகைக்கவைத்தது. எந்த இயந்திரத்தை இரண்டாக வெட்டினால் இரு முழு இயந்திரங்கள் கிடைக்கும் எனக் கேட்ட அவர், ஈற்றில் அரிஸ்டோட்டிலிடமிருந்து ‘எந்தெலெக்கி’ என்ற சொல்லைக் கடன்வாங்கி, பௌதிகத்துக்கு அப்பாற்பட்ட உயிர்விசை ஒன்றைக் கற்பித்தார். பின்னர் ஆய்வுகூடத்தை விட்டு மெய்யியற் பேராசிரியரானார். அவர் கூறிய விடையை உயிரியலார் ஏற்கவில்லை. அவர் கண்ட உண்மை நிலைத்தது.

மனித முளையத்துக்கும் இது பொருந்தும் என்பதற்கு ஒத்த இரட்டையரே சான்று. ஒரே முளையம் முதல் இரு வாரங்களுள் இரண்டாகப் பிரிவதால் அவர்கள் தோன்றுகின்றனர். கருக்கட்டற் கணத்திலேயே குறிப்பிட்ட ஒரு மனிதன் தொடங்கிவிட்டானாயின், பிரிவின்பின் அவன் யார்? அவன் இறந்து இருவர் பிறந்தனரா? இறந்தானெனின் சடலம் எங்கே? இதன் மறுதலையை 1961 இல் போலந்து ஆய்வாளர் தார்க்கோவ்ஸ்கி செய்துகாட்டினார். இரு சுண்டெலி முளையங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, நான்கு பெற்றோரையுடைய ஒற்றைச் சுண்டெலியை அவர் பெற்றார். ஒன்று இரண்டாதலும் இரண்டு ஒன்றாதலும் இயலுமிடத்து, ‘ஒருவன்’ என்ற சொல்லுக்குப் பிடிப்பே இல்லாமற் போகின்றது. திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் மாதந்தோறும் கரு எதிர்கொள்ளும் இடர்கள் நிரல்படக் கூறப்படுவதும், முதல் மாதத்து இடராகக் கரு இரண்டாகப் பிளவுபடுதலை உரைகாரர் கொள்வதும் தமிழ் மாணவர் அறிந்தவையே. அங்கே பேசுவது, பிளவுபடாது பிழைத்துப் பிறந்த ஓர் உயிர். பிறந்தபின் திரும்பிப் பார்க்கும்பொழுதே ‘தப்பினேன்’ எனக் கூறுவதற்கு ஒருவர் இருக்கின்றார் என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் முளையவியல் இத்திசையிலேயே மேலும் சென்றது. 1924 இல் ஹான்ஸ் ஸ்பெமானும் அவர் மாணவி ஹில்டே மங்கோல்டும் நியூட் முளையத்தின் சிறு பகுதியொன்றை வேறொரு முளையத்திற் பதித்தபொழுது, அது அயலிலுள்ள கலங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி இரண்டாவது உடலொன்றை அமைக்கக் கண்டனர். அதே ஆண்டு தீ விபத்தில் மங்கோல்ட் இறந்தார். 1935 இல் நோபல் பரிசு ஸ்பெமானுக்குக் கிடைத்தது. 1938 இல் ஸ்பெமான் ஒரு ‘விசித்திரப் பரிசோதனை’யை முன்மொழிந்தார்: வியத்தமடைந்து முதிர்ந்த கலமொன்றின் கருவை எடுத்து, கரு நீக்கிய முட்டையில் வைத்தால் என்ன நிகழும்? 1952 இல் பிறிக்ஸ், கிங் இருவரும் தவளையில் முளையக் கலக்கருவைக் கொண்டு இதனைச் செய்தனர். 1962 இல் ஜோன் கேர்டன் வாற்பேத்தையின் குடற் கலக்கருவிலிருந்து தவளைகளைப் பெற்றதை வெளியிட்டார். 1996 யூலை 5 இல் ஸ்கொட்லாந்தின் றோஸ்லின் நிறுவனத்தில் டொலி என்னும் செம்மறிக்குட்டி பிறந்தது. ஆறு வயதுப் பெண்ணாட்டின் மடிக் கலமே அதன் மூலம். 277 முட்டைகளில் முயன்று கிடைத்த குட்டி அஃது ஒன்றே என்பதும் மறக்கற்பாலதன்று.

குருத்துக்கலத்தை எதிர்த்தோரின் வாதங்களுள் வலிமை வாய்ந்தது உள்ளாற்றல் பற்றியதாகும். முளையம் இன்று மனிதனாகத் தோன்றாவிடினும், மனிதனாகும் ஆற்றல் அதனுள் உண்டு. ஆற்றலை அழிப்பது ஆகவிருந்தவனை அழிப்பதே என்பது அவ்வாதம். டொலியின் பின்னர் இவ்வாதம் இடர்ப்பட்டது. மடிக் கலத்தின் கருவுக்கும் முழு ஆடாகும் ஆற்றல் உண்டெனின், தோலைச் சொறியும்பொழுது உதிரும் கலங்களுக்காகவும் துக்கம் அனுட்டிக்கவேண்டிவரும். இதற்கு எதிர்த்தரப்பினர் கூறிய மறுமொழியை எள்ளி நகையாடுவது எளிது, நேர்மையன்று. தோற்கலம் தானாக எதுவும் ஆவதில்லை, பிறர் கைபட்டே ஆகின்றது. முளையமோ தன்னைத் தானே நடத்திச் செல்லும் ஒரு முழுமை. இவ்விரண்டும் ஒன்றல்ல என அவர்கள் வாதித்தனர். இவ்வேறுபாடு உண்மையானது. ட்றீஷின் குடம்பிகளே அதற்குச் சான்று: பாதியை இழந்தபின்னும் தன்னை முழுமையாக்கிக்கொள்ளும் ஒன்றை ‘வெறுங் கலத்திரள்’ என ஒதுக்கியவர்கள் முளையவியலைக் கற்றவர்களாகார். மணற்குவியலைப் பாதியாக்கினால் இரு குவியல்கள் கிடைக்கும். எனினும் அவற்றுள் எதுவும் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்வதில்லை.

ஆயினும் தானாக நடக்கும் அம்முழுமையும் தட்டிலே கிடந்தால் சில நாட்களில் மடியும். தாயின் கருப்பை ஏற்றுக்கொண்டாலன்றி அது மேற்செல்லாது. கருப்பையை வெறும் மண்சட்டியாகக் கொண்டாலொழிய, முளையம் ‘தானாகவே’ மனிதனாகின்றது எனக் கூறல் இயலாது. வாதங்களிற் பெண் மறைந்துபோகும் முதலிடம் இதுவே.

எல்லைக்கோட்டை அறிவியலிடம் கேட்காது தாமே இட்டவர்களும் உண்டு. 1978 யூலையில் இங்கிலாந்தில் உடலுக்கு வெளியே கருக்கட்டப்பட்ட முதற் குழந்தை பிறந்ததை அடுத்து, பிரித்தானிய அரசு மெய்யியலாளர் மேரி வோர்னொக் தலைமையில் 1982 இல் ஒரு குழுவை நியமித்தது. 1984 இல் அக்குழு அளித்த அறிக்கை, மனித முளையத்தைப் பதினான்கு நாட்களுக்கு மேல் ஆய்வுகூடத்தில் வைத்திருத்தல் குற்றமாதல் வேண்டும் என்றது. ஏறத்தாழப் பதினைந்தாம் நாளில் முளையத் தட்டிலே தலை எது, வால் எது எனக் காட்டும் ஆதிக் கோடு தோன்றுகின்றது. அதன்பின் முளையம் இரட்டையாகப் பிரிதல் அரிது. குழுவிலிருந்த முளையவியலாளர் ஆன் மக்லாரன் இவ்விளக்கத்தை எடுத்துரைத்தார். ஆயின் வோர்னொக் அம்மையார், பதினான்காம் நாளில் ஒரு மனிதன் பிறந்துவிடுகிறான் எனக் கூறவில்லை. முளையம் எப்பொழுது மனிதனாகின்றது என்ற கேள்வி உண்மை பற்றிய கேள்விபோலத் தோன்றினும் உண்மையில் மதிப்பீடு பற்றியது. ஆகவே அதனை எவ்வாறு நடத்தவேண்டும் என்றே நேராகக் கேட்போம் என அறிக்கை திசைதிருப்பியது. சட்டத்துக்கு எண்ணக்கூடிய நாள் ஒன்று வேண்டும், மக்கள் ஒப்பக்கூடிய எல்லை ஒன்று வேண்டும், பதினான்கு அத்தகையது. குழுவிலேயே சிலர் மறுப்புரை எழுதினர். முளைய ஆய்வைத் தடைசெய்ய 1985 இல் ஈனொக் பவல் பாராளுமன்றில் கொணர்ந்த சட்டமூலம் நிறைவேறாது போயிற்று. 1990 இல் பதினான்கு நாள் விதி சட்டமாயிற்று. தான் ஒரு தீர்மானம் என்பதை ஒளிக்காத தீர்மானம் என்ற வகையில், இவ்விவாதம் முழுவதிலும் நேர்மை மிக்க ஆவணம் அவ்வறிக்கையே எனத் துணிந்து கூறலாம்.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேறு. 2001 ஓகஸ்ட் 9 இரவு ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் தொலைக்காட்சியில் நாட்டுக்கு உரையாற்றினார். அன்றைய நாளுக்கு முன்னர் பிரித்தெடுக்கப்பட்ட குருத்துக்கல வழிகளுக்கு மட்டும் கூட்டாட்சி அரசு நிதி வழங்கும். இனிமேல் அழிக்கப்படும் முளையத்துக்கு வழங்காது என்றார். தனியார் பணத்தால் முளையங்களை அழிப்பதற்கு எத்தடையும் இருக்கவில்லை. ஜனாதிபதியின் உயிரியல் ஒழுக்கவியற் சபையில் உறுப்பினராயிருந்த மெய்யியலாளர் மைக்கல் சண்டெல் இம்முரண்பாட்டைச் சுட்டினார்: முளையத்தை அழிப்பது குழந்தையைக் கொல்வதற்குச் சமமெனின், நிதியை மறுத்தல் போதாது, கொலைக் குற்றமாகத் தண்டித்தல் வேண்டும். எவரும் அதனைக் கோரவில்லை. அக்காலத்தே அமெரிக்கச் சிகிச்சை நிலையங்களில் உறைநிலையில் ஏறத்தாழ 4 இலட்சம் முளையங்கள் இருந்தன எனக் கணக்கிடப்பட்டது. 2006 யூலையில், ஆய்வு நிதியை விரிவாக்கும் சட்டத்தைப் புஷ் தம் முதல் வீற்றோவால் நிராகரித்தபொழுது, அத்தகைய முளையங்களிலிருந்து பிறந்த குழந்தைகள் அவர் அருகே நிறுத்தப்பட்டனர். கண்டோர் நெஞ்சை அக்காட்சி தொட்டிருக்கும். எனினும் உறைகலன்களில் எஞ்சியிருந்தவற்றை அது எண்ணிக்கையிற் குறைக்கவில்லை. 2009 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமா அக்கட்டுப்பாட்டை நீக்கினார்.

ஜேர்மனியின் நிலை இன்னும் நுட்பமானது. நாசி மருத்துவத்தின் நினைவு அகலாத அந்நாடு, 1990 இல் இயற்றிய சட்டத்தால் முளையத்தை ஆய்வுக்குப் பயன்படுத்துவதை முற்றாக விலக்கியது. 2002 இல் இயற்றிய வேறொரு சட்டமோ, அவ்வாண்டு தை முதலாந் திகதிக்கு முன்னர் பிறநாடுகளில் எடுக்கப்பட்ட கலங்களை நிபந்தனைகளோடு தருவிக்க இடமளித்தது. 2008 இல் அத்திகதியும் 2007 மே முதலாந் திகதிக்கு நகர்த்தப்பட்டது. தான் அறுக்கமாட்டாதவன் பிறர் அறுத்ததை வாங்கி உண்பதில் உள்ள சிக்கலை, புலாலுண்ணாமை பற்றி நெடுங்காலம் வாதித்த சமூகங்கள் உடனே இனங்காணும்.

இவ்வாதம் உச்சத்தில் நிற்கையில் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்தது. 2006 இல் கியோட்டோவின் ஷின்யா யமனாக்கா, நான்கே காரணிகளைச் செலுத்திச் சுண்டெலியின் தோற்கலத்தை முளைய நிலைக்கு ஒப்பான நிலைக்கு மீட்டார். 2007 இல் மனிதக் கலத்திலும் அது கைகூடிற்று. அதே வேளையில் தொம்சன் குழுவினரும் தனியே அதனைச் செய்தனர். 2012 இல் யமனாக்காவும் கேர்டனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முளையத்தை அழிக்காமலே கலங்கள் கிடைத்துவிட்டன, ஒழுக்கப் பிரச்சினை தீர்ந்தது எனப் பலர் பெருமூச்சு விட்டனர். அது தீரவில்லை; இடம் மாறியது. 2009 இல் சீன ஆய்வாளர்கள் இத்தகைய மீட்கப்பட்ட கலங்களிலிருந்தே முழுச் சுண்டெலிகளைப் பெற்றனர். வேறொரு முளையத்தின் துணை அதற்கு வேண்டியிருந்தது என்பது உண்மையே. ஆயினும் உள்ளாற்றலே மனிதத் தன்மையின் அளவுகோல் எனில், தோற்கலத்துக்கும் முளையத்துக்கும் இடையில் எழுப்பிய மதிலில் மீண்டும் ஒரு வெடிப்பு விழுந்தது.

முளையத்தின் தகுதி பற்றியே இரு தரப்பாரும் பேசிக்கொண்டிருந்த ஆண்டுகளில், எவரும் அதிகம் பேசாத ஒன்று தென்கொரியாவில் நிகழ்ந்தது. 2004 இலும் 2005 இலும், படியெடுத்த மனித முளையங்களிலிருந்து குருத்துக்கலங்களைப் பெற்றதாக ஹ்வாங் வூ-சுக் ஆய்வேடுகள் வெளியிட்டார். 2005 இல் வெளியான ஆய்வேடு, நோயாளருக்கெனத் தனித்தனியே பதினொரு கலவழிகளைப் பெற்றதாகக் கூறிற்று. நாடு அவரைக் கொண்டாடியது. சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பதைச் சித்திரிக்கும் தபால் முத்திரையும் வெளியாயிற்று. 2005 இன் இறுதியில் உண்மை வெளிப்படலாயிற்று. 2006 தையில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு, பதினொரு கலவழிகளும் புனைவே என உறுதிப்படுத்தியது. பொய்த் தரவு என்பதே உலகச் செய்தியாயிற்று. ஆயின் அவ்விசாரணைகளில் வேறொன்றும் வெளிவந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடமிருந்து 2,000 க்கு மேற்பட்ட சூல்முட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. சிலருக்குப் பணம் வழங்கப்பட்டிருந்தது. ஹ்வாங்கின் ஆய்வுகூடத்திலேயே பணியாற்றிய இளம் பெண் ஆய்வாளர்களும் முட்டை கொடுத்தோருள் இருந்தனர்.

முட்டை எடுத்தல் குருதி எடுத்தல் போன்றதன்று. நாட்கணக்கில் ஓமோன் ஊசி ஏற்றி, சூலகத்தைத் தூண்டி, ஊசி செலுத்தி உறிஞ்சவேண்டும். சிலருக்குச் சூலகம் மிகையாகத் தூண்டப்பட்டு நோய் காணும். அரிதாக உயிருக்கும் இடர் நேரும். தன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் பேராசிரியரின் ஆய்வுக்கு முட்டை தேவைப்படுகையில், ஓர் இளம் ஆய்வாளர் ‘விருப்புடன்’ கொடுத்தார் என்பதன் பொருள் யாது? பல்கலைக்கழகம் என்ற அமைப்பில் மேலோர் கீழோர் உறவை அறிந்த எவருக்கும் இது விளங்காத வினாவன்று. ஐந்து நாள் முளையம் மனிதனா எனத் திருச்சபைகளும் பாராளுமன்றங்களும் வாதித்துக்கொண்டிருக்க, ஐயத்துக்கிடமின்றி மனிதராயிருந்த இப்பெண்கள் அவ்வாதத்தில் ஒரு சாராரின் ஏட்டிலும் இடம்பெறவில்லை. முளையத்தைக் காக்கவந்தோர் அதன் வழியே பெண்ணைக் காணவில்லை. நோயாளரைக் காக்கவந்தோருக்கு அவள் மூலப்பொருள் வழங்குநர். அறிவியல் விடைதரமுடியாத வினாவில் அனைவரும் முனைந்து நின்றமையால், எவரும் விடைகூறக்கூடிய வினா கேட்கப்படாமலே கிடந்தது.

வோர்னொக் குழு பதினான்கு நாள் எல்லையை இட்டபொழுது மனித முளையத்தை அத்தனை நாள் ஆய்வுகூடத்தில் வாழவைக்க எவராலும் முடியவில்லை. கடக்கமுடியாத வேலியைக் கடக்கமாட்டோம் என வாக்களிப்பது எளிது. 2016 இல் கேம்பிரிட்ஜிலும் நியூயோர்க்கிலும் இரு குழுவினர் முளையங்களைப் பதின்மூன்று நாள்வரை வளர்த்தனர். விதி கருதி அங்கே நிறுத்தினர். வாக்கு முதன்முறையாகச் சோதனைக்குள்ளாயிற்று. ஐந்தாண்டுகள் கழிந்து, 2021 மே மாதத்தில், குருத்துக்கல ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் பதினான்கு நாளுக்கு மேற்பட்ட வளர்ப்பைத் தன் தடைப் பட்டியலிலிருந்து நீக்கி, தனித்தனியே ஆராய்ந்து அனுமதிக்கலாம் என்றது. முளையம் கருப்பையில் நிலைகொள்ளும் அந்நாட்களிலேயே பல கருக்கள் சிதைகின்றன என்பதும், அக்காலம் பற்றிய அறிவு மிகக் குறைவு என்பதும் ஆய்வாளர் கூறிய நியாயங்கள். அவை பொய்யல்ல. எனினும் எல்லை இறுக்கத் தொடங்கிய வேளையிலேயே அது தளர்த்தப்பட்டமை, இட்டபோது அது கொள்கையா அல்லது வசதியா என்ற ஐயத்தை எழுப்பாதிருக்க இயலாது. எல்லை மனிதர் இட்டதென்பதனால் அதனை மாற்றலாகாது என்பதில்லை. மாற்றுவோர் யாரிடம் கேட்டு மாற்றினர் என்பதே கேள்வி. 1984 இல் கேட்டவர்கள் பாராளுமன்றுக்கும் மக்களுக்கும் விடைகூறக் கடமைப்பட்டோர். 2021 இல் கேட்டவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களையே கேட்டனர்.

2023 இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழுவினர், முட்டையுமின்றி விந்துமின்றிக் கருப்பையுமின்றி, குருத்துக்கலங்களை மாத்திரம் கொண்டு, பதினான்காம் நாள் மனித முளையத்தை ஒத்த அமைப்பொன்றை வளர்த்துக் காட்டினர். முளையத்தை உடைத்துக் குருத்துக்கலம் எடுப்பதா என்பதே கால் நூற்றாண்டுக்கு முன்னர் வாதம். இப்பொழுது குருத்துக்கலங்கள் தாமே கூடி முளையம் போன்ற ஒன்றாகின்றன. அதனைக் கருப்பையில் வைத்தாலும் அது குழந்தையாகாது என ஆய்வாளர் கூறுகின்றனர். கருக்கட்டற் கணமே மனிதனின் தொடக்கம் என்பாருக்கு இங்கே அக்கணம் இல்லை. பதினான்கு நாள் என்பாருக்கோ, அந்நாட்களை எந்நாள் தொட்டு எண்ணுவதென்பது தெரியவில்லை.